மகளின் 21ஆம் பிறந்தநாளுக்கு எந்த பாட்டில்?

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ரதர்க்ளென் என்ற ஒயின் ஊருக்குப் போனபோது 'கிளாசிக் மஸ்கட்' என்ற இனிப்பு ஒயின் ஒரு பாட்டில் வாங்கினோம். மகள் போன வருடம் பிறந்தாள். அவளுடைய 21ஆம் பிறந்தநாளில் திறக்க ஆசை. பாட்டிலில் வருடமே போடவில்லை. அதுவரை தாங்குமா?"

கெட்டுப்போகாது. ஆனால் இன்றைய ருசியைவிட மேலே ஏறாது, மெல்ல இறங்கத்தான் செய்யும். அந்த ஒயின் மூப்படைய வேண்டியதெல்லாம் பீப்பாயிலேயே முடிந்துவிட்டது.

ரதர்க்ளென்னில் 'பிரவுன் மஸ்கட்' என்று சொல்லும் திராட்சையை இலையுதிர்காலம் வரை கொடியிலேயே விட்டு வதங்க வைப்பார்கள். பாதி உலர்ந்த பழத்தைப் பிழிந்து, சாறு நொதிக்க ஆரம்பித்ததுமே திராட்சையில் வடித்த ஸ்பிரிட்டைச் சேர்ப்பார்கள். நொதித்தல் அதோடு நின்றுபோகும். சர்க்கரை தங்கிவிடும், ஆல்கஹால் 17, 18 சதவீதத்தில் நிற்கும். அப்புறம் பழைய ஓக் பீப்பாய்களில் ஊற்றி, தகரக் கொட்டகைகளில் வருடக்கணக்காக விட்டுவிடுவார்கள். கோடை வெயிலில் ஆவியாகப் போகப் போக, உள்ளே மிஞ்சுவது பாகாக இறுகும். இளசில் ரோஜாவும் உலர்திராட்சையும் மணக்கும் அதே ஒயின், 20 வருடம் கழித்துக் கருப்பட்டிப் பாகையும் காப்பிக்கொட்டையையும் நினைவூட்டும். கிளாஸின் ஓரத்தில் லேசான ஆலிவ் பச்சை தெரியும். எனக்கு உலகத்திலேயே மிகப் பிடித்த நிறங்களில் அது ஒன்று. கண்ணாடி பாட்டிலுக்குள் இந்த மாற்றம் நடக்காது.

வருடம் போடாததும் இதனால்தான். பல வருடத்துப் பீப்பாய்களைக் கலந்து ருசியைக் கூட்டுகிறார்கள். வருடத்துக்குப் பதிலாகத் தரத்தைச் சொல்வார்கள்: ரதர்க்ளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நாலு படி. உங்களுடையது கீழிருந்து இரண்டாம் படி. ரேர் என்றால் சராசரி வயது 20 வருடமாவது இருக்கும்.

ஆகவே இந்த பாட்டிலை வரும் குளிர்காலத்திலேயே திறந்துவிடுங்கள். அதுவரை நிற்க வைத்து, வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த பிறகு மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேலேயே நன்றாக இருக்கும். ஆளுக்கு 60 மில்லி போதும். ஆஸ்திரேலியக் கணக்கில் அது ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்கை (10 கிராம் ஆல்கஹால்) விடச் சற்றுக் குறைவு. அதில் ஏறக்குறைய மூன்று டீஸ்பூன் சர்க்கரையும் இருக்கும், வீட்டில் நீரிழிவு உள்ளவர்களுக்குக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு ஸ்பூன் விட்டும் சாப்பிடலாம்.

சரி, பிறந்தநாளுக்கு? அதே ஊரில் ஷிராஸ், டூரிஃப் திராட்சைகளில் 'வின்டேஜ் ஃபோர்ட்டிஃபைட்' செய்கிறார்கள். இதுவும் ஸ்பிரிட் சேர்த்ததுதான், போர்ட் வகைச் சிவப்பு ஒயின். ஒரே வருடத்து அறுவடை, பீப்பாயில் கொஞ்ச காலம்தான், மீதி மூப்பெல்லாம் பாட்டிலுக்குள். 20 வருடம் அதற்குச் சாதாரணம். மகள் பிறந்த வருடத்து ஒயின் கடைக்கு வர இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், காத்திருந்து வாங்குங்கள். கார்க் போட்டதாக இருந்தால் படுக்க வைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். அடியில் கசடு படிந்திருக்கும் என்பதால், திறப்பதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிட்டு, அசைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மெதுவாக மாற்றுங்கள்.