டிரஃபால்கர் விருந்து: எப்போது உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும்?

"இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் மருத்துவராக இருக்கிறேன். கடற்படை அதிகாரியான நண்பர் ஒருவர், அவர்களுடைய மெஸ்ஸில் (அதிகாரிகளின் உணவுக்கூடத்தில்) நடக்கும் டிரஃபால்கர் இரவு விருந்துக்கு என்னையும் என் கணவரையும் அழைத்திருக்கிறார். அரசருக்கு டோஸ்ட் சொல்லும்போது, அதாவது அவரை வாழ்த்திக் கிளாஸை உயர்த்திக் குடிக்கும்போது, எழுந்து நிற்க வேண்டும் என்கிறார் ஒருவர்; எழவே கூடாது என்கிறார் இன்னொருவர். நாங்கள் இருவரும் மது குடிப்பதில்லை, மாட்டிறைச்சியும் சாப்பிடுவதில்லை. தெரியாமல் ஏதாவது அவமரியாதை செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்" என்று வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

உங்களிடம் சொன்ன இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நகர மன்றத்திலோ தனியார் கிளப்பிலோ நடக்கும் விருந்தென்றால் அரசருக்கான டோஸ்டுக்கு எல்லோரும் எழுவார்கள். பிரிட்டிஷ் கடற்படை மெஸ்ஸில், அது கப்பலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும், உட்கார்ந்தபடியே சொல்வதுதான் மரபு. நீங்கள் போவது மெஸ்ஸுக்கு. ஆகவே அரசரின் பெயர் வரும்போது உட்கார்ந்தே இருங்கள். அதற்குப் பின், டிரஃபால்கர் கடற்போரில் வென்று அங்கேயே உயிர்விட்ட பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் நினைவுக்கான டோஸ்ட் வரும். அதற்குக் கட்டாயம் எழுந்து நில்லுங்கள். இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் மற்றதையெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே சமாளித்துவிடலாம்.

சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு போர்ட் ஒயின் குடுவைகள் வரும். அவை எப்போதும் இடப்பக்கமாகவே நகரும். வலப்பக்கம் இருப்பவர் உங்களிடம் நகர்த்துவார். நீங்கள் இடப்பக்கம் இருப்பவரிடம் நகர்த்த வேண்டும். தூக்கிக் கொடுப்பதைவிட மேசையோடு தள்ளிவிடுவதே கடற்படைப் பழக்கம். ஆடும் கப்பலில் அதுதான் பாதுகாப்பு. மது வேண்டாம் என்றால் குடுவையை அப்படியே அடுத்தவரிடம் நகர்த்திவிட்டு, கிளாஸில் தண்ணீரோ பழச்சாறோ வைத்துக்கொள்ளுங்கள். இன்று யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. ஆனால் கிளாஸில் இருப்பது எதுவானாலும், அரசருக்கு டோஸ்ட் சொல்லி முடிக்கும்வரை வாயில் வைக்க வேண்டாம்.

பிறகு விருந்துக்குத் தலைமை வகிக்கும் மெஸ் பிரசிடென்ட் சிறு சுத்தியலால் மேசையைத் தட்டுவார். "மிஸ்டர் வைஸ், த கிங்" என்பார். மேசையின் மறுமுனையில் இருக்கும் துணைத் தலைவர் "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், த கிங்" என்று அறிவிப்பார். நீங்களும் "த கிங்" என்று சொல்லி ஒரு வாய் குடித்தால் போதும். தேசியகீதம் இசைத்தால் பிரசிடென்ட் என்ன செய்கிறாரோ அதையே செய்யுங்கள்.

ஏன் இந்த உட்காரும் சலுகை? பழைய மரக்கப்பல்களில் தளங்களுக்கு இடையிலான உயரம் மிகக் குறைவு. சட்டென்று எழுந்தால் மேலே இருக்கும் உத்தரத்தில் தலை இடிக்கும். அரசர் இரண்டாம் சார்லஸுக்கு அப்படித் தலை இடித்தது என்பார்கள். நான்காம் வில்லியமுக்கு என்றும் சொல்வார்கள். இவற்றை மேசையில் கதையாகக் கேட்டு ரசிக்கலாம், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உத்தரம் மட்டும் உண்மை. உங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே, 1922 முதல் உலர்துறையில் நிற்கும், நெல்சனின் கப்பலான ஹெச்.எம்.எஸ். விக்டரியின் கீழ்த்தளங்களில் குனிந்து நடந்து பாருங்கள், புரிந்துவிடும். விருந்துக்கு முன்பே ஒரு நாள் போய்வந்துவிடுங்கள் என்பேன். ஏனென்றால் அடுத்த டோஸ்டின் கனம் அந்தக் கப்பலுக்குள் நின்றால்தான் பிடிபடும்.

1805 அக்டோபர் 21. ஸ்பெயினின் தென்மேற்குக் கரையோரம், டிரஃபால்கர் முனை. நெல்சனிடம் 27 பெரும் போர்க்கப்பல்கள். எதிரே பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து 33. பிற்பகல் ஒன்றேகால் மணியளவில், பக்கத்தில் ஒட்டி நின்ற பிரெஞ்சுக் கப்பலான ரெடூட்டாபிளின் பாய்மர உச்சியிலிருந்து ஒரு குண்டு வந்தது. நெல்சனின் இடது தோளில் புகுந்து முதுகெலும்பில் போய்த் தங்கியது. அவரைக் கீழே தூக்கிப்போகும்போது, மாலுமிகள் பார்த்து மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று கைக்குட்டையால் தன் முகத்தையும் மார்பிலிருந்த பதக்கங்களையும் அவரே மூடிக்கொண்டார். நீர்மட்டத்துக்கும் கீழே இருந்த இருட்டுத் தளத்தில், விளக்கு வெளிச்சத்தில், வில்லியம் பியாட்டி என்ற மருத்துவர் கவனித்தார். பிழைக்க வழியில்லை என்பது இருவருக்குமே தெரியும். மருத்துவரான உங்களுக்கு அந்த இடம் வேறுவிதமாகவே படும். மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்தது. விக்டரியின் கேப்டன் ஹார்டி இறங்கிவந்து பதினான்கு, பதினைந்து கப்பல்கள் சரணடைந்துவிட்டன என்றபோது, நான் இருபது எதிர்பார்த்தேனே என்றாராம். நான்கரை மணியளவில் இறந்தார். பிரிட்டன் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. ஆனால் விக்டரியில் மட்டும் 57 பேர் செத்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் மொத்தம் சுமார் 450 பேர்.

செய்தி லண்டனுக்குப் போன விதத்தையும் சொல்ல வேண்டும். பிக்கிள் என்ற சிறு கப்பலில் லெப்டினன்ட் லாபெனோட்டியர் நவம்பர் 4 அன்று ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கினார். அங்கிருந்து குதிரை வண்டியில், வழியில் இருபத்தொரு முறை குதிரை மாற்றி, 6ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கடற்படைத் தலைமையகத்தை அடைந்தார். பெரும் வெற்றி பெற்றுவிட்டோம், நெல்சன் பிரபுவை இழந்துவிட்டோம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்த இரவு விருந்தில் கொண்டாட்டமும் துக்கமும் சேர்ந்தே இருப்பது இதனால்தான். "த இம்மார்ட்டல் மெமரி" (அழியாத நினைவு) என்று அறிவித்ததும் எல்லோரும் எழுவார்கள். யாரும் கைதட்ட மாட்டார்கள், பேச மாட்டார்கள். நீங்களும் மௌனமாக நின்று, ஒரு வாய் குடித்துவிட்டு, மற்றவர்கள் உட்காரும்போது உட்காருங்கள்.

கிளாஸோடு கிளாஸ் மோதுவது எந்த டோஸ்டுக்கும் வேண்டாம். கிளாஸ் ஒலித்தால் எங்கோ ஒரு மாலுமி சாவான் என்பது பழைய கடலோடிகளின் நம்பிக்கை. தவறி ஒலித்துவிட்டால் உடனே விரலால் அமர்த்திவிடுவார்கள். அப்போது மாலுமி தப்பிப்பான், சாத்தான் அவனுக்குப் பதில் இரண்டு தரைப்படை வீரர்களைப் பிடித்துக்கொள்வான் என்பார்கள்.

சில மெஸ்களில் கிழமைக்குரிய டோஸ்டும் வரும். திங்களுக்குக் கடலில் இருக்கும் நம் கப்பல்கள், ஞாயிறுக்கு உடன் இல்லாத நண்பர்கள். சனிக்கிழமையன்று மனைவியரையும் காதலியரையும் சொல்லிவந்தார்கள்; 2013இல் அதைக் 'குடும்பங்கள்' என்று மாற்றினார்கள், அது நல்ல மாற்றம். வியாழனன்று போனால் மட்டும் திடுக்கிட வேண்டாம். "ரத்தம் சிந்தும் போர் வரட்டும், இல்லையேல் கொள்ளைநோய்க் காலம் வரட்டும்" என்பது அன்றைய டோஸ்ட். மேலே இருப்பவர் செத்தால்தான் கீழே இருப்பவருக்குப் பதவி உயர்வு என்றிருந்த காலத்தின் மிச்சம் அது. நோய்தான் எப்போதும் அதிகம் கொன்றது. 1740இல் ஆன்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியின் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட சுமார் 1,900 பேரில் ஏறக்குறைய 1,400 பேர் மாண்டார்கள். எதிரியின் கையால் செத்தவர்கள் நான்கு பேர்தான். ஸ்கர்வியும் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) காய்ச்சலும் பட்டினியும் மற்றவர்களைக் கொண்டுபோயின.

பேச்சு நெல்சன் பக்கம் திரும்பினால் தயங்காமல் கலந்துகொள்ளுங்கள். நமக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பதினைந்து வயதுப் பையனாக, சீஹார்ஸ் என்ற கப்பலில் 1774 மே மாதம் மெட்ராஸ் வந்து சேர்ந்தவர் அவர். வாழ்க்கையில் முதல் சண்டையைப் பார்த்ததும் இந்தக் கடல்களில்தான். 1775 பிப்ரவரியில் ஹைதர் அலியின் இரண்டு கப்பல்களோடு. மறு ஆண்டு மலேரியா பிடித்து ஊர் திரும்பினார். அதேபோல, மாலுமிகளின் கழுத்துக் கறுப்புப் பட்டு நெல்சனுக்கான துக்கம், காலரின் மூன்று வெள்ளைக் கோடுகள் அவருடைய மூன்று வெற்றிகள் என்று யாராவது சொல்வார்கள். இரண்டும் உண்மையல்ல. அவர் உடலை ரம்மில் வைத்தார்கள் என்பதும் தவறு. பிராந்தி பீப்பாயில்தான் வைத்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்தை இன்றே பேசிவிடுங்கள். டிரஃபால்கர் விருந்தில் பெரிய மாட்டிறைச்சித் துண்டை மேளதாளத்தோடு சுற்றிக் கொண்டுவருவது வழக்கம். அது சடங்கு, நீங்கள் சாப்பிட்டாக வேண்டியதில்லை. என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்று நண்பரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டால் தனித் தட்டு வரும். மேசையில் அமர்ந்த பின் அரசருக்கான டோஸ்ட் முடியும்வரை, பிரசிடென்டின் அனுமதி இல்லாமல் எழுந்து வெளியே போகக் கூடாது. விருந்து நீளமானது. ஆகவே உள்ளே போகுமுன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள், செல்போனை அணைத்துவிடுங்கள். மறுநாள் அழைத்த நண்பருக்கும் மெஸ் பிரசிடென்டுக்கும் கையால் எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று அனுப்புங்கள்.