கார் கேள்வி பதில்: ரேடியேட்டர் நன்றாகக் குளிர்விக்கிறதா?

கேள்வி: ஏற்றத்தில் என் காரின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. மெக்கானிக் வண்டியை நிறுத்தி வைத்து அளந்துவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருக்கிறது, பிரமாதமாகக் குளிர்விக்கிறது என்கிறார். அப்படியானால் ஏன் சூடாகிறது?

பதில்: அந்த 30 டிகிரியை நம்பாதீர்கள். எஞ்சின் 30 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும், நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ரேடியேட்டருக்குள் வெப்பநிலை சுமார் 7 டிகிரிதான் குறையும். அதே வெப்பம், ஓட்டம் மட்டும் கால்வாசி ஆகிவிட்டால் 29 டிகிரி குறையும். ஆக, பெரிய வித்தியாசம் என்றால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவம்) போதிய அளவு ஓடவில்லை என்று அர்த்தமாகலாம்: தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், குழாய்கள் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் ஆர்.பி.எம். ஏறும்போது உள்ளே அமுங்கி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். போதாததற்கு நின்ற வண்டியில் அளந்திருக்கிறார், அப்போது தெர்மோஸ்டாட் கொஞ்சம்தான் திறந்திருக்கும், வித்தியாசம் பெரிதாகத்தான் காட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஒரு எண்: கூலன்ட் வெப்பநிலையிலிருந்து வெளிக்காற்றின் வெப்பநிலையைக் கழித்தால் வருவது. ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைப் படிக்கும் கருவி) பொருத்தி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள் (டேஷ்போர்டு முள் பல கார்களில் ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும், அதை வைத்துச் சோதனை செய்ய முடியாது). நீண்ட ஏற்றத்தில் ஒரே வேகத்தில், ஒரே கியரில் போங்கள். வெளியே 30 டிகிரி, கூலன்ட் 95-இல் நிலைத்தது என்றால் இடைவெளி 65. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்திருக்கும் வரை இந்த இடைவெளி பெரிதாக மாறாது, அதனால் 40 டிகிரி வெயிலில் அதே ஏற்றத்தில் 105-ஐ எதிர்பார்க்கலாம். ரேடியேட்டரைக் கழுவியபின் இடைவெளி 55 ஆனால் உண்மையாகவே பலன் கிடைத்திருக்கிறது. ஏ.சி. போட்டும் போடாமலும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சர் சூடாக்கிய காற்றுதான் ரேடியேட்டருக்கு வருகிறது. முள் சிவப்பை நெருங்கினால் சோதனையை விட்டுவிட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

கேள்வி: இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் அலுமினியத்தில் சரியாகக் காட்டுமா?

பதில்: பளபளப்பான அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்கலாம், ரப்பர் ஹோஸிலும் பிளாஸ்டிக் டேங்கிலும் நேரடியாகவே அளக்கலாம்.

கேள்வி: தயாரிப்பாளர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள்?

பதில்: ரேடியேட்டரைத் தனியே காற்றுச் சுரங்கத்தில் பொருத்தி, குறிப்பிட்ட வெப்பநிலையில் குறிப்பிட்ட அளவு கூலன்ட்டை ஓட விட்டு, காற்றின் வேகத்தைப் படிப்படியாக மாற்றுவார்கள். கூலன்ட் இழந்த வெப்பமும் காற்று பெற்ற வெப்பமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், போகவில்லை என்றால் அந்த அளவீட்டையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். பொதுவாகக் கூலன்ட் ஓட்டத்தைக் கூட்டுவதைவிடக் காற்றைக் கூட்டினால்தான் பலன் அதிகம். முதல் கேள்விக்காரரும் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவே தூசி அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.