மூக்கோரத்து மச்சமும் அரசு மருத்துவமனையும்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 43. சத்துணவு அமைப்பாளராகப் பணிபுரிகிறேன். மூக்கின் இடதுபுறச் சரிவில் சிறு வயதில் வெறும் புள்ளியாக இருந்த மச்சம், கொஞ்சம் கொஞ்சமாக மேடாகி, இப்போது மிளகு அளவுக்கு வந்துவிட்டது. அண்மைக்காலமாக மூக்குக்கண்ணாடி அணிகிறேன். கண்ணாடியின் தாங்கி சரியாக அந்த மச்சத்தின் மேலேயே உட்கார்ந்து உராய்வதால் அடிக்கடி தோல் உரிந்து, ரத்தம் கசிந்து, பொருக்குத் தட்டிவிடுகிறது. தனியார் கிளினிக்கில் லேசர் செய்யச் சொன்ன தொகை என் சக்திக்கு மீறியது. அரசு மருத்துவமனைக்குப் போனால், "அழகுக்காகச் செய்வதெல்லாம் இங்கே கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. மாமியாரோ, அது அதிர்ஷ்ட மச்சம், அதில் கை வைக்காதே என்கிறார். நான் என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: தாராளமாக அரசு மருத்துவமனைக்கே போகலாம். உங்களுடையது அழகு சம்பந்தப்பட்ட கோரிக்கையே அல்ல. கண்ணாடி உராய்ந்து, திரும்பத் திரும்பப் புண்ணாகி, ரத்தம் கசியும் மச்சத்தை எடுப்பது மருத்துவத் தேவை. ஆனால் அதை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிகள் பிரிவில், "மச்சத்தை எடுக்கணும் டாக்டர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அவர் அதை அவசரமில்லாத வேலையாக எண்ணி, "இதனால் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடக்கூடும். எத்தனை காலமாக இருக்கிறது, எப்போதிலிருந்து வளர்கிறது, எதனால் உரிகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை ரத்தம் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். கண்ணாடியை மறக்காமல் எடுத்துப்போய், மாட்டிக் காட்டுங்கள். திருமண ஆல்பத்தில் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஏதாவது இருந்தால் அதையும் செல்பேசியில் பதிந்து எடுத்துச் செல்லுங்கள். மச்சம் எவ்வளவு வேகமாக மாறியது என்பதை ஒரு பழைய படம் காட்டுவதுபோல் எந்த விவரிப்பும் காட்டாது.

சிறு வயதில் தட்டையாக இருந்த மச்சம் முப்பது, நாற்பது வயதுகளில் மேடாவது பெரும்பாலும் இயல்பான மாற்றமே. நிறமி உண்டாக்கும் செல்கள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலின் உள்ளடுக்குக்கு இறங்கிவிடுவதால், மச்சம் உருண்டு, மெத்தென்றாகி, கருமை குறைந்து, சிலருக்கு அதில் ஓரிரு முடியும் முளைக்கும். இதற்கு இன்ட்ராடெர்மல் நீவஸ் என்று பெயர். முகத்தில் நாம் காணும் மேடான மச்சங்களில் மிகப் பல இவ்வகைதான். இருந்தாலும், மூக்கும் கண்ணின் உள்மூலையும் பேசல் செல் கார்சினோமா என்னும் தோல் புற்றுநோய் விரும்பி உட்காரும் இடங்கள். நம் மாநிறத் தோலில் அது பெரும்பாலும் கருமை கலந்து, பளபளப்பான விளிம்போடு வருவதால், பார்ப்பவர்கள் மச்சம் என்றே நினைத்துவிடுகிறார்கள். உடலின் பிற பாகங்களுக்கு அது பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே போகும். உங்கள் புண்ணுக்குக் கண்ணாடி உராய்வுதான் காரணமா என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சில வாரங்கள் கண்ணாடி அங்கே படாமல் பார்த்துக்கொண்டால், உராய்வால் வந்த புண் ஆறிவிடும். அப்படியும் நான்கு வாரங்களுக்கு மேல் ஆறாமல், பொருக்கு உதிர்ந்து உதிர்ந்து மறுபடி கசிந்தால், அது உடனே காட்ட வேண்டிய புண். ஒரு மச்சம் இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவில் இருந்தாலும், விளிம்பு கலைந்திருந்தாலும், ஒரே மச்சத்தில் பல நிறங்கள் தென்பட்டாலும், 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலும், சில மாதங்களிலேயே கண்கூடாக மாறினாலும் அதையும் தள்ளிப்போடக் கூடாது. (மெலனோமா என்னும் கொடிய வகை நம்மவர்களுக்கு முகத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. முகத்து மச்சத்தைக் கண்ணாடியில் தினமும் பார்த்துக் கவலைப்படுபவர்கள் மாதத்துக்கு ஒருமுறை பாதத்தையும் திருப்பிப் பார்ப்பது நல்லது.)

எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் செய்ய மாட்டார்கள். அங்கிருந்து பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது கட்டாயமில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இயங்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். என்னைக் கேட்டால், உங்களுக்கு மூக்கில் இருப்பதால், பேருந்துச் செலவைப் பார்க்காமல் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடுவது நல்லது என்பேன். தோல் மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர், எடுத்த சதையைச் சோதிக்கும் நோய்க்குறியியல் ஆய்வகம் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைப்பது மருத்துவக் கல்லூரிகளில்தான். தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்னும் விளக்கு பொருத்திய உருப்பெருக்கியை மச்சத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். அதன் பிறகு அவரே எடுக்கலாம், அல்லது பலகையில் "ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை" என்று எழுதியிருக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு அனுப்பலாம். இமை விளிம்பில் மச்சம் உள்ளவர்கள் மட்டும் கண் மருத்துவப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும்.

அன்றைக்கே எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, வேறு சில ரத்தப் பரிசோதனைகள் பார்த்துவிட்டு, மைனர் ஓ.டி. எனப்படும் சிறு அறுவை சிகிச்சை அரங்குக்கு ஒரு தேதி கொடுப்பார்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்று வருபவர்களுக்கு முன்னுரிமை போவதால் அந்தத் தேதி தள்ளியும் போகலாம். அதில் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. ஆனால் மருத்துவர் சந்தேகப்பட்டு, சதையை எடுத்துச் சோதிக்கச் சொல்லி "பயாப்சி" என்று சீட்டில் எழுதியிருந்தால், அதைக் காட்டி முன்கூட்டிய தேதி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். தாங்களாக அதை நிறுத்தக் கூடாது.

எடுக்கும் முறையைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, மச்சத்தைச் சுற்றிப் படகு வடிவத்தில் தோலோடு வெட்டி எடுத்துத் தையல் போடுவது. தையல் ஓரங்கள் புடைக்காமல் படிய வேண்டுமானால் வெட்டின் நீளம் அகலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் மச்சத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. நீளத் தழும்பு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கன்னத்தில் இது சிரிப்புக் கோட்டோடு மறைந்துவிடும். மூக்கின் கீழ்ப்பகுதித் தோலோ இழுத்துத் தைக்க இடம் கொடுக்காமல் இறுக்கமாக இருப்பது. அதனால், சந்தேகத்துக்கு இடமில்லாத மச்சமாக இருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு, மேட்டை மட்டும் தோல் மட்டத்துக்குச் சீவி எடுக்கும் இரண்டாவது முறையை அங்கே பலர் விரும்புவார்கள். தையல் இல்லை, ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். வேரில் சில செல்கள் மிஞ்சி, பின்னாளில் கரும்புள்ளியாகத் தலைகாட்டலாம் என்பது இதன் குறை. அப்படி வந்தால் பயப்படாமல், ஆனால் பழைய ஆய்வறிக்கையோடு, திரும்பப் போய்க் காட்டுங்கள். சீவிய இடத்தில் மீண்டும் வளரும் சாதாரண மச்சம் ஆய்வகத்தில் பார்ப்பவருக்கே சில நேரம் மெலனோமாபோல் தோற்றமளிக்கும்.

அந்த ஆய்வறிக்கைக்காகத்தான் அரசு மருத்துவமனையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். எடுத்த துண்டை ஃபார்மலின் ஊற்றிய சிறு குப்பியில் போட்டு, உங்கள் பெயரும் ஓ.பி. எண்ணும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்; சில இடங்களில் உங்களிடமோ உடன் வந்தவரிடமோ கொடுத்தே அனுப்புவதும் உண்டு. குப்பியின் மேல் இருக்கும் எண் சீட்டில் உள்ள எண்தானா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். புண் ஆறியதும் பலர் முடிவை வாங்கவே போவதில்லை. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். அறிக்கையில் இன்ட்ராடெர்மல் நீவஸ் என்றிருந்தால் கோப்பில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பேசல் செல் கார்சினோமா என்றிருந்தால், வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சமிருந்தால் மறுபடி வெட்டுவார்கள். மச்சம் எடுப்பதுபோன்ற சிறு சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை தேவைப்படாது. உள்நோயாளியாகச் சேர்ந்து பெரிய அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும்.

உங்கள் மாமியாரோடு வாதாடும் எண்ணம் எனக்கில்லை. ரத்தம் கசியும் மச்சத்தை மருத்துவரிடம் காட்டாதே என்று எந்த மச்ச சாஸ்திரமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தாடையில் உள்ள மச்சம் ஒவ்வொரு முறை ஷேவிங் செய்யும்போதும் வெட்டுப்படுகிறது. சுண்ணாம்பும் துணி சோப்பும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். பியூட்டி பார்லரில் ஐந்து நிமிடத்தில் கருக்கி எடுத்துவிடுகிறார்களாம். இவற்றில் எது பாதுகாப்பு?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம். சுண்ணாம்பும் சோப்பும் சேரும்போது உண்டாகும் கடுங்காரம் மச்சம் எது, நல்ல தோல் எது என்று பார்ப்பதில்லை. இரண்டையும் ஆழமாக அரிக்கும். மச்சம் இருந்த இடத்தில் பள்ளத் தழும்போ, தாடையில் எளிதில் வரக்கூடிய கெலாய்டு என்னும் தடித்த தழும்போ மிஞ்சும். உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ காது குத்திய இடத்திலோ பழைய தையலிலோ தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால், மருத்துவமனையிலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள். எடுப்பதா வேண்டாமா என்ற முடிவே அதனால் மாறலாம்.

பார்லரில் கருக்குவதில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் தழும்பு அல்ல. கருகிப்போன சதையை எந்த ஆய்வகத்திலும் சோதிக்க முடியாது. என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். மச்சம்தானா, பாலுண்ணியா, வயதோடு வரும் கருமையான தோல் தடிப்பா என்று பிரித்துப் பார்க்கவும் அங்கே ஆளில்லை. பாலுண்ணியாக இருந்தால் ஷேவிங் செய்யும்போது பிளேடே அதை முகம் முழுவதும் பரப்பிவிடும். அதற்குரிய சிகிச்சையே வேறு. அரசு மருத்துவமனைத் தோல் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். தேதி கிடைக்கும்வரை அந்த இடத்தில் பிளேடு படாமல் டிரிம்மரால் ஒதுக்கிவிட்டால் போதும். முகத்தில் போட்ட தையலைப் பொதுவாக ஐந்திலிருந்து ஏழு நாளில் பிரித்துவிடுவார்கள். அதைத் தள்ளிப்போட்டால் தையல் தடம் ஏணிப்படிபோல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதன் பின் சில மாதங்கள் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் கறுத்துப்போகும்.

கேள்வி: மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக "வலது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மச்சத்தை எடுத்தால் பிற்காலத்தில் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ சிக்கல் வருமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: இந்த ஒரு காரணத்துக்காகவே சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் உண்டு, அவசியமில்லை. சான்றிதழ் கொடுத்த நாளில் இருந்த அடையாளத்தைத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள். பின்னர் மச்சத்தை எடுத்துவிட்டதால் அது செல்லாமல் போய்விடாது. மச்சம் இருந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு இருக்கவே செய்யும். இனி நிரப்பும் படிவங்களில் அதையோ உடலில் உள்ள வேறு ஓர் அடையாளத்தையோ எழுதலாம். யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஓ.பி. சீட்டு, சிகிச்சைக் குறிப்பு, ஆய்வறிக்கை மூன்றையும் நகலெடுத்து மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு மெல்லிய தாள். மை சீக்கிரம் மங்கிவிடும். எனவே வீட்டுக்கு வந்த அன்றே நகல் எடுத்துவிடுவது நல்லது.