கேள்வி பதில்: அறையில் கேட்டது நாவலுக்கு வரலாமா?

கேள்வி: உளவியல் படித்த என் மகள் எங்கள் ஊர்க் கடைவரிசையின் மாடியில் ஆலோசனை அறை நடத்துகிறாள்; இரவில் நாவல் எழுதுகிறாள். "எங்கள் வீட்டுக் கதையையும் எழுதிவிடுவாளோ?" என்று அக்கம்பக்கத்தார் இப்போதே கேட்கிறார்கள். இரண்டையும் ஒருவரே செய்வது முறைதானா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: முறைதான் அம்மா, ஆனால் அவர்களுடைய அச்சமும் நியாயமானதே. லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் உளவியலாளராகப் பணியாற்றிய ஜோனதன் கெல்லர்மேன், 1985இல் வெளிவந்த தம் முதல் நாவலில் ஓர் உளவியலாளரையே துப்பறிய வைத்தார். 2024இல் மறைந்த இந்திய உளப்பகுப்பாய்வாளர் சுதீர் காக்கர், 1998இல் தம் முதல் நாவலை எழுதியபோது, காமசூத்திரம் இயற்றியவர் என்பதைத் தவிர வரலாறு ஏறத்தாழ ஒன்றுமே சொல்லிவைக்காத வாத்ஸ்யாயனரை நாயகராக்கிக்கொண்டார். கெட்டிக்காரத்தனமான தேர்வு, "இது என் மாமனார்" என்று சண்டைக்கு வர ஆளில்லை.

பெருநகரில் பெயரையும் தொழிலையும் மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார். தோட்டத்து மக்கள் வந்து குடியேறிய நம் ஊர்களில் அது நடவாது. லயத்துக் கடைசி வீடு, தோட்டத்தில் தண்டலாக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்த தாத்தா, தீமிதியன்று மயங்கி விழுந்த மருமகள் என்று மூன்று குறிப்புகள் போதும், மாரியம்மன் கோயில் வாசலிலேயே ஆளைச் சொல்லிவிடுவார்கள். இரு தொழிலையும் செய்யும் நானே, என்னிடம் வந்த ஒருவரின் பெயர், வயது, ஊர் அனைத்தையும் மாற்றிவிட்டு, ஒரேயொரு கைப்பழக்கத்தை மட்டும் நாவலில் விட்டுவைத்தேன் (அது என்னவென்று இங்கும் சொல்வதற்கில்லை). கைப்பிரதியைப் படித்த என் மனைவி, அவரைச் சந்தையில் பார்த்துப் பழகியவர், இரண்டே பக்கங்களில் கண்டுகொண்டார். அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டேன்.

மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர் எவருக்கும் இரகசியம் காக்கும் கடமையை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வந்தவரே "எழுதிக்கொள்ளுங்கள்" என்றாலும், அவர் கதையில் வரும் கணவரும் மாமியாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதை மகள் எண்ணிப் பார்க்கட்டும். அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளக் கூடியது, மனிதர் பேசும் விதத்தை. ஒரு மணி நேரம் சம்பளத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் பேசியவர், எழுந்து கதவில் கை வைத்த பிறகே வந்த காரணத்தைச் சொல்வார். அந்தக் கதவடி வாக்கியத்தைக் கேட்டுப் பழகிய காது, எந்தக் கற்பனை மனிதருக்கும் உயிர் கொடுக்கும்.

கேள்வி: உளவியல் தெரிந்தவருக்கு நாவல் எளிதாக வருமா?
- ஒரு மாணவர், பீடோர்

பதில்: வராது. புகழ்பெற்ற அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கல்லூரி முடித்ததும் எழுத்தாளராக முயன்று, சொல்வதற்குத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று கைவிட்ட பிறகே, 1928இல் ஹார்வர்டுக்கு உளவியல் படிக்கப் போனார். 1945இல் ஏழே வாரங்களில் எழுதிய நாவலை 1948இல் வெளியிட்டார். சுமார் ஆயிரம் பேர் வாழும் ஒரு கற்பனைக் குடியிருப்பைப் பற்றியது. கொள்கை அதில் ஏராளம். மனிதர்கள்தாம், ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் உரை கேட்க உட்காரவைக்கப்பட்டவர்களைப் போல எனக்குத் தோன்றினார்கள்.