சம்பளம் மட்டும் கேட்கும் தடுப்பாட்டக்காரரை நம்பிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: ஜெர்மனியின் ஹம் நகரில் வசிக்கிறேன், வயது 36. பொரூசியா டோர்ட்முண்ட் கால்பந்துக் கழகத்தின் பங்குகள் 700 வைத்திருக்கிறேன். வேறொரு கழகத்தில் ஒப்பந்தம் முடியப்போகும் பெயர்பெற்ற தடுப்பாட்டக்காரர் ஒருவரை டோர்ட்முண்ட் எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பழைய கழகத்துக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை, சம்பளம் மட்டும்தான், பங்கு விலை ஏறும் என்கிறார்கள். வீட்டுக்காகச் சேர்த்த 14,000 யூரோவில் 6,000 யூரோவுக்கு இன்னும் பங்கு வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த வீரரைக் கழகம் தேடிப் போக வேண்டுமா என்பதும் உங்கள் பணத்தோடு சேர்ந்த கேள்விதான். அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் போஸ்மான் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பணமின்றிக் கழகம் மாறலாம். ஆனால் பழைய கழகத்துக்குப் போயிருக்க வேண்டிய தொகை மறைந்துவிடுவதில்லை. கையெழுத்துத் தொகையாகவும் கூடுதல் சம்பளமாகவும் வீரருக்கும், தரகாக முகவருக்கும் போகிறது. நான்கைந்து கழகங்கள் ஒரே வீரரைத் துரத்தும்போது அது எளிதில் பெருகிவிடும்.

உங்கள் கழகமே 2022 கோடையில் இரண்டு வழியையும் ஒன்றாகச் செய்து பார்த்தது. ஃபிரைபுர்க்கிலிருந்து 22 வயது நிகோ ஷ்லோட்டர்பெக்கைச் சுமார் 2 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. பயேர்ன் மியூனிக்கில் ஒப்பந்தம் முடிந்த 26 வயது நிக்லாஸ் சூலேயை மாற்றுத் தொகையின்றி 2026 வரை நான்காண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. சூலே தேர்ந்த வீரர், அதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய இடது முழங்காலின் தசைநார் 2014இலும் 2019இலும் கிழிந்திருந்தது. முதல் பருவத்தில் நிறைய ஆடினார். அடுத்த பருவத்தில் மூத்த தடுப்பாட்டக்காரர் ஹம்மெல்ஸ், ஷ்லோட்டர்பெக் இணை அவரை முந்திவிட்டது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் சம்பளம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

கணக்குக்காக ஓர் உதாரணம் தருகிறேன். எண்கள் என் கற்பனை. ஒருவருக்கு 2 கோடி விலை, ஆண்டுச் சம்பளம் 60 லட்சம். நான்காண்டுச் செலவு 4.4 கோடி யூரோ. இன்னொருவருக்கு விலை இல்லை, கையெழுத்துத் தொகை 80 லட்சம், ஆண்டுச் சம்பளம் 1 கோடி. செலவு 4.8 கோடி. இரண்டாண்டில் முதலாமவரை 1.5 கோடிக்கு விற்றால் கழகத்தின் கையிலிருந்து போனது 1.7 கோடி மட்டுமே. இரண்டாமவரை விற்க நினைத்தாலும் அந்தச் சம்பளத்தைத் தாங்க வேறு கழகம் முன்வர வேண்டும். பலமுறை யாரும் வருவதில்லை.

டோர்ட்முண்ட் பிழைப்பதே இளைஞர்களை வாங்கி, வளர்த்து, விற்பதில்தான். டெம்பெலே 2017இல் 10.5 கோடிக்கும், பெல்லிங்ஹாம் 2023இல் 10.3 கோடிக்கும் விற்கப்பட்டார்கள். கூடுதல் தொகைகள் தனி. மறுவிற்பனை மதிப்பில்லாத பெரிய சம்பளம் இந்த வழிக்கு நேர் எதிர். பணக்காரக் கழகமான ரியல் மாட்ரிட்டுக்கு இது சரிப்படலாம்: 2021இல் மாற்றுத் தொகையின்றி வந்த தடுப்பாட்டக்காரர் அலாபா முதல் பருவத்திலேயே ஐரோப்பியக் கழகங்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். 2023 டிசம்பரில் அவர் முழங்கால் தசைநார் கிழிந்து ஓராண்டுக்கு மேல் ஒதுங்கியபோதும் மாட்ரிட் தாங்கியது. டோர்ட்முண்டால் அப்படித் தாங்க முடியாது. அதே 2021இல் இப்படியே பாரிஸ் கழகத்துக்குப் போன 35 வயது தடுப்பாட்டக்காரர் செர்ஜியோ ராமோஸ் காயத்தால் நவம்பர் இறுதியில்தான் முதல் ஆட்டம் ஆடினார்.

ஆகவே என் கருத்து: வயது 27க்குள், முழங்கால் சுத்தம், சம்பளம் அணியின் மற்ற தடுப்பாட்டக்காரர்களை ஒட்டி, ஒப்பந்தம் மூன்றாண்டு என்றால் கழகம் பேசலாம். இல்லையென்றால் விலகட்டும். சம்பளத்தில் ஒருவர் தனியாக உயர்ந்தால் மற்ற எல்லோரும் அடுத்த பேச்சுவார்த்தையில் அதையே கேட்பார்கள். இந்தச் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை.

இனி உங்கள் பணம். இந்தப் பங்கு 2000 அக்டோபரில் 11 யூரோவுக்குச் சந்தைக்கு வந்தது. கால் நூற்றாண்டாகியும் அந்த விலைக்கு மேல் நிலைத்து நிற்கவில்லை. வீரர்களுக்கு அள்ளிக் கொடுத்து 2002இல் ஜெர்மன் லீக் பட்டம் வென்ற கழகம், அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பை இழந்ததும் கடனில் சரிந்தது. 2005 மார்ச் 14 அன்று டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் கழகத்தின் மைதானத்தை அப்போது சொந்தமாக வைத்திருந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் கூடி ஒப்புக்கொண்டிராவிட்டால் கழகமே திவாலாகியிருக்கும். சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிவரை போன 2023-24 பருவத்துக்குக் கிடைத்த ஈவுத்தொகை பங்குக்கு 6 சென்ட். உங்கள் 700 பங்குக்கு 42 யூரோ.

அந்த 700 பங்கை அன்பின் அடையாளமாக வைத்திருங்கள், விற்கச் சொல்லமாட்டேன். 14,000 யூரோவை அப்படியே வைப்புக் கணக்கில் விட்டுவிடுங்கள். வீட்டுக்கான முன்பணம் எப்போது தேவை என்று எழுதுங்கள். ஓராண்டா ஐந்தாண்டா என்பதைப் பொறுத்து அடுத்ததைச் சொல்கிறேன்.