ஃப்ரோசன் ஸ்மைலி (சிரித்த முக வடிவில் உறைய வைத்த உருளைக்கிழங்குப் பண்டம்) பாக்கெட்டில் 100 கிராமுக்கு 200 கலோரி என்று போட்டிருக்கிறது, லேபிளைக் கொடுத்திருக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, தட்டுவடை செட் மேலா, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எடுத்துப் போகலாமா? முதலில், பொரித்த பிறகும் அதே 200 கலோரிக் கணக்கா?

அதே கணக்கு இல்லை. பாக்கெட்டில் இருப்பது பாக்கெட்டுக்குள் இருக்கும் பண்டத்தின் கணக்கு. உங்கள் வடச்சட்டி எண்ணெய் அதில் சேரவில்லை.

நீங்கள் கொடுத்திருக்கும் லேபிளையே எடுத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு மாவுச்சத்து 30 கிராம், புரதம் 3, கொழுப்பு 7.5, சோடியம் 400 மில்லிகிராம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஆக 120 + 12 + 67.5, சுமார் 200. லேபிள் சரிதான். உருளைக்கிழங்கில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம், அப்படியானால் இந்த 7.5 கிராம் எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையிலேயே ஒருமுறை அரைப்பதமாகப் பொரித்துத்தான் உறைய வைக்கிறார்கள். வீட்டில் நடப்பது இரண்டாவது பொரிப்பு.

அதில் எவ்வளவு எண்ணெய் ஏறுகிறது என்பதை ஊகிக்க வேண்டாம், எடை போட்டே பார்த்துவிடலாம். எலக்ட்ரானிக் சமையல் தராசில் எண்ணெயோடு வடச்சட்டியை வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கிராம் ஸ்மைலியைப் பொரியுங்கள். எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு, உதிர்ந்த தூளை அரித்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். பண்டத்திலிருந்து வரும் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அதனால் குறைந்த எடை முழுக்க எண்ணெய்தான். அடுப்பு மேடையில் தெறித்ததும் அதில் அடங்கும் என்பதால் கிடைக்கிற எண் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், பரவாயில்லை. மில்லியில் அளக்காதீர்கள், ஒரு மில்லி எண்ணெய் 0.92 கிராம்தான்.

12 கிராம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 12 × 9 = 108. பாக்கெட் கணக்கில் 200 கிராமுக்கு 400. மொத்தம் 508. தண்ணீர் போனதால் பொரித்த ஸ்மைலி 170 கிராம்தான் நிற்கிறது என்றால், தட்டில் இருப்பது 100 கிராமுக்கு ஏறக்குறைய 300 கலோரி. லேபிளின் 200, தட்டில் 300 ஆனது இப்படித்தான். செக்குக் கடலை எண்ணெய் ஊற்றினால் கலோரி குறையும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ருசி மாறும். கலோரி எல்லா எண்ணெய்க்கும் கிராமுக்கு 9தான்.

எண்ணெய் அதிகம் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. முதலாவது, சட்டி நிறையப் போடுவது. உறைந்த பண்டம் விழுந்ததும் எண்ணெயின் சூடு இறங்கும். மேல்தோல் மொறுமொறுப்பாவதற்குள் வெகுநேரம் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். அரை லிட்டர் எண்ணெயில் ஒரு தடவைக்கு ஐந்தாறு ஸ்மைலிக்கு மேல் வேண்டாம், சூடு 175 டிகிரியில் இருக்கட்டும். இரண்டாவது, வெளியே எடுத்து இளகவிட்டுப் பொரிப்பது. ஸ்மைலி மசித்த கிழங்கை அச்சில் வார்த்தது, இளகினால் எண்ணெயில் உடைந்து கரையும், தெறிக்கவும் செய்யும். ஃப்ரீசரிலிருந்து நேராகச் சட்டிக்குப் போக வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எடுத்த பிறகு முதல் ஒன்றிரண்டு நிமிடம் முக்கியம். பொரியும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே அதிகம் போக வழியில்லை. எடுத்து ஆறத் தொடங்கியதும் அந்த ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் ஜல்லிக்கரண்டியில் எடுத்த கையோடு நன்றாக உதறி, சமையலறைத் துடைக்கும் தாளில் பரப்பிவிடுங்கள். குவித்து வைக்காதீர்கள். செய்தித்தாள் கூடவே கூடாது, அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து ஒட்டும்.

ஏர் ஃப்ரையர் இருந்தால் 200 டிகிரி, 12 முதல் 15 நிமிடம், பாதியில் ஒருமுறை புரட்டல். மேலே எண்ணெய் தடவ வேண்டியதில்லை, தொழிற்சாலை எண்ணெயே போதும். அப்போது முழுப் பாக்கெட் 200 கிராமுக்கும் லேபிள் சொல்லும் 400 கலோரிதான். தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்டால் அதோடு 80 சேரும்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு என்று கேட்டதால் இது: லேபிளில் உள்ள தினசரிச் சதவீதம் 2000 கலோரி சாப்பிடும் பெரியவர் கணக்கு. 7 முதல் 9 வயதுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்வது ஒரு நாளைக்கு 1700. பாதிப் பாக்கெட் பொரித்துக் கொடுத்தால் 254 கலோரி, நாளில் 15 சதவீதம் மாலைப் பலகாரத்திலேயே போய்விடுகிறது. கலோரியைவிட உப்பை நினைத்தால்தான் எனக்குக் கவலை. பெரியவருக்கே ஒரு நாள் வரம்பு சோடியம் 2000 மில்லிகிராம், பாதிப் பாக்கெட்டிலேயே 400 வந்துவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டி தக்காளி சாஸ் இன்னொரு 150. மயோனைஸ் என்றால் ஒரு மேசைக்கரண்டிக்கு 90 கலோரிக்கு மேல்.

தட்டுவடை செட்டோடு (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பச்சைக்காய் வைத்துக் கொடுப்பது) ஒப்பிட்டால்? 100 கிராமுக்கு 100 கிராம் என்று பார்த்தால் தட்டுவடை தோற்கும். தண்ணீரே இல்லாத பொரித்த அரிசிமாவு, 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டி வரும். ஆனால் ஒரு தட்டில் 100 கிராம் தட்டுவடை யாரும் வைப்பதில்லை. 40 கிராம் என்றால் 200 கலோரி. நடுவில் வைக்கிற கேரட், பீட்ரூட், வெங்காயம் கூட்டுவது கொஞ்சம்தான், அந்தப் பச்சைக்காய் ஸ்மைலியில் கிடையாது. இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு செட்டுக்குத்தான், கண்ணெதிரே நறுக்கிச் செய்கிற கடையாக இருந்தால்.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போகலாம். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெறும் ஐஸ் 0 டிகிரி, ஸ்மைலிக்கு வேண்டியது மைனஸ் 18. உடைத்த ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்து பாலிதீன் பையில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் பாக்கெட்டின் மேலும் கீழும் வையுங்கள், சூடு நன்றாக இறங்கும். மேலே 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பண்டத்தின் ஈரம் சீக்கிரம் ஆவியாவதால் உள்ளே சூடேறுவதற்குள் மேல்தோல் சிவந்துவிடும். எண்ணெயை 165, 170க்குள் வைத்து ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பாக்கெட்டை வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் ஃப்ரீசருக்கு. நெகிழ்ந்திருந்தால் மறுபடி உறைய வைக்காமல் அன்று மாலையே தோசைக்கல்லில் சுட்டுவிடுங்கள், எண்ணெயில் போட்டால் உடையும்.