பையர் கேட்ட ‘ஸ்வாக் டீ’ என்னன்னா

“மெயில்ல 500 ஸ்வாக் டீ வேணும்னு இருக்கு. கெத்தா டிசைன் போடணுமா, இல்ல அது துணி ரகமா?”னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் இல்லீங்க. டீன்னா டி-ஷர்ட். கம்பெனிக்காரங்க மாநாடு, விழாவுல தங்க லோகோ போட்டுச் சும்மா குடுக்கற சாமானுக்குத்தான் பையர் பாஷையில ஸ்வாக்னு பேரு. மெர்ச், ஃப்ரீபீ, குடீஸ்னாலும் ஏறக்குறைய அதேதான். அதனால டிசைன்ல மண்டைய ஒடைக்காம லோகோ ஃபைல், பான்டோன் நம்பர் (கலருக்கான நம்பர்), சைஸ் ரேஷியோ (எந்த சைஸ் எவ்வளவு), ஜிஎஸ்எம் (துணியோட கனம்) கேட்டு எழுதுங்க.

நீங்க நெனச்ச கெத்து, பந்தா அர்த்தமும் உண்டு. ஆனா அது பசங்க பேச்சு, ஆர்டர்ல வராது. திருடங்களோட பழைய பாஷையில ஸ்வாக்னா கொள்ளையடிச்ச சொத்து. ஆஸ்திரேலியாக்காரர் சொன்னா சுருட்டித் தூக்கிட்டுப் போற படுக்கை.

திருப்பூருங்கறதால தப்பிச்சீங்க! கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல் பண்றவங்களுக்கு இதே சொல் வந்தா, ஜன்னலுக்கு மேல வளைஞ்சு தொங்கற அலங்காரத் திரைத்துணி.

‘ஸ்டஃப் வீ ஆல் கெட்’ (நமக்கெல்லாம் கெடைக்கற சாமான்)தான் சுருங்கி ஸ்வாக் ஆச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அது பின்னாடி ஒட்டவெச்ச விரிவு.